பினாங்கு ஈரத்தில் பழைய ஃபிலிம் கேமராக்களை ஓட்டத்தில் வைத்திருப்பது எப்படி

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி வாங்கி, உள்ளே மஞ்சள் விளக்கு எரியவிட்டு, கேமராக்களைத் தோல் உறையோடு வரிசையாக அடுக்கிவைக்கும் ஆசை இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். பினாங்கில் அப்படி வைத்த கேமராவின் லென்ஸுக்குள் வெள்ளை நூல் படரும், தோல் உறை பச்சை பூக்கும், ஒளியைக் கணநேரம் உள்ளே விடும் ஷட்டருக்குள் இருக்கும் மசகு இறுகும். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து மகிழலாம். படம் எடுக்க முடியாது.

என்னிடம் நூறுக்கும் மேல் இருக்கின்றன. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்தப் புத்தியோடுதான் கேமராக்களையும் பார்க்கிறேன். வேலை செய்யாத கருவிக்கு என் மேசையில் இடம் கிடையாது. தம்பி மகள் அண்மையில் ஒரு நிக்கான் எஃப்எம்2 வாங்கிக்கொண்டு வந்து, "அத்தை, இத்தனையையும் எப்படி ஓட்டத்தில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஈரம்

இந்தத் தீவில் காற்றின் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பாலான நாட்களில் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. லென்ஸ் பூஞ்சைக்கு 60ஐத் தாண்டினாலே கொண்டாட்டம். இருட்டும் அடைசலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே கேமரா நான்கு ஆனவுடன், ஐந்தாவதுக்கு வைத்திருக்கும் பணத்தில் மின்சார உலர் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். கடையில் டிரை கேபினெட் என்று கேட்க வேண்டும். 45 சதவீதத்துக்கு வைத்தால் போதும். இன்னும் உலர்ந்தால் இன்னும் நல்லது என்று 30க்குக் கீழே இறக்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். மடிப்பு கேமராக்களின் தோல் வெடிக்கும், மசகு வறண்டுபோகும்.

பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே தனியாக ஓர் ஈரப்பதமானி வையுங்கள், அதையும் சோதித்த பிறகு வையுங்கள். சோதனைக்குச் சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் உப்பை நிரப்பிச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். கரையாத உப்பு மிஞ்சியிருக்கும் கரைசலுக்கு மேலே உள்ள காற்று நம் ஊர் வெப்பத்தில் 75 சதவீதத்தில் நிற்கும். அது இயற்கை விதி, கடைக்காரர் வாக்கு அல்ல. காலையில் மானி 70 காட்டினால் அதன் முதுகில் 'ஐந்து கூட்டுக' என்று எழுதி ஒட்டி உள்ளே வையுங்கள்.

பெட்டி வாங்க முடியாதவர்கள் ரப்பர் விளிம்பு போட்ட உணவு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வைத்துச் சமாளிக்கலாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறும் பழைய வகையில் கோபால்ட் சேர்மம் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆகாது. நிறம் மாறியதும் 120 டிகிரி சூட்டில் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும்.

தோல் உறைகளைக் கேமராவோடு வைக்கவே கூடாது. தோலும் அதன் உள்ளே ஒட்டிய துணியும் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சைக்கு ஊட்டி வளர்க்கும். உறைகள் வேறு அறையில் இருக்கட்டும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே போகிறவர்கள் கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கண்ணாடியின் வெளிப்பக்கம் படியும் ஆவியைத் துடைத்துவிடலாம், உள்ளே படிந்ததை யார் துடைப்பது?

மாதம் ஒருமுறை கைவிளக்கை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத பூஞ்சை சாய்வில் தெரியும். ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்கு அது தொற்றும் என்று பயமுறுத்துவார்கள். பூஞ்சை வித்துகள் எப்போதும் காற்றில் இருப்பவைதான். வளர்வதும் வளராததும் ஈரத்தைப் பொறுத்தது. இது தெரிந்தும் பூஞ்சை பிடித்த லென்ஸ்களை நான் தனி டப்பாவில்தான் வைக்கிறேன். அறிவு ஒரு பக்கம், அச்சம் ஒரு பக்கம். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மில்லிமீட்டர் எஃப்1.4 போன்ற சில லென்ஸ்கள் மஞ்சளாகத் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. கண்ணாடியில் சேர்த்த தோரியம் காலப்போக்கில் செய்த வேலை. புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் தெளிந்துவிடும்.

வாங்கும் இடத்தில்

பழம்பொருள் விற்கும் லோரோங் கூலிட் காலைச் சந்தைக்குப் போவதானால் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். பையில் ஒரு கைவிளக்கு, இரண்டு எல்ஆர்44 பேட்டரி, மூடி திறக்க ஒரு நாணயம், வீணான ஃபிலிம் துண்டு ஒன்று. விற்பவர் 'நன்றாக ஓடும்' என்பார். அவர் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார். அதற்காகச் சண்டை வேண்டாம், கருவியையே கேளுங்கள்.

ஷட்டரை முதலில் 1 விநாடிக்கு வையுங்கள். மசகு இறுகிய கேமரா மெதுவான வேகங்களில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்: பாதியில் நிற்கும், அல்லது முனகிக்கொண்டு மூன்று விநாடி எடுக்கும். 1/500 நன்றாக ஒலிப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிறகு பின்கதவைத் திறந்து வெளிச்சத்தைப் பார்த்தபடி வேகமான ஷட்டரைச் சொடுக்குங்கள். சட்டம் முழுவதும் ஒளி தெரியவேண்டும். லென்ஸுக்குள் ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா, பேட்டரி அறையில் பச்சைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். கதவோரத்துக் கறுப்புப் பஞ்சு விரலில் தார்போல ஒட்டினால் கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்து ஜப்பானியக் கேமராக்களில் அது வழக்கமான நோய், வீட்டிலேயே மாற்றலாம். விலையைக் குறைக்க மட்டும் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

சில கேமராக்களுக்குத் தனிச் சோதனை உண்டு. 1966இல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35இல் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஓர் அழுத்தமான ஒலி வரவேண்டும். வராவிட்டால் உள்ளிருக்கும் சிறு ரப்பர்த் துண்டு உருகிவிட்டது, ஒளிக்கணக்கு தவறும். ஒலிம்பஸ் ட்ரிப் 35க்குப் பேட்டரியே கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல்லைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்தினால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டரைத் தடுக்க வேண்டும். கொடி எழாத ட்ரிப்பை வைத்துவிட்டு நடந்துவிடுங்கள். கேனன் ஏஇ-1 படம் எடுக்கும்போது கீச்சென்று கத்தினால் கண்ணாடியை ஓட்டும் பல்சக்கரத்தில் எண்ணெய் வறண்டிருக்கிறது, பழுதுபார்க்கக்கூடியதுதான். 4எல்ஆர்44 பேட்டரி இல்லாமல் அந்தக் கேமரா அசையவே அசையாது, ஆகவே 'பேட்டரி மட்டும்தான் இல்லை' என்ற சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சோர்க்கி போன்ற சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்களில் (இரு பிம்பங்களைப் பொருத்திக் குவியம் பார்க்கும் கேமராக்கள்) ஷட்டரை ஏற்றிய பிறகே, அதாவது வில்லை முறுக்கி ஆயத்தமாக்கிய பிறகே, வேகத்தை மாற்றவேண்டும். ஏற்றுவதற்கு முன் திருப்பினால் உள்ளே உடையலாம். பழைய காம்ப்பர் ஷட்டர்களில் நேர்மாறு: உச்ச வேகத்துக்குத் தனிச் சுருள்வில் இருப்பதால், ஏற்றுவதற்கு முன்பே அந்த வேகத்தை வைத்துவிடுங்கள். தானாகப் படம் எடுக்கும் தாமத நெம்புகோலை எந்தப் பழைய கேமராவிலும் தொடாதீர்கள். பாதியில் சிக்கி ஷட்டரையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

எத்தனை கேமரா உடல் வேண்டுமானாலும் வாங்குங்கள், லென்ஸை உடலில் பொருத்தும் மவுண்ட் வகை மட்டும் மூன்றைத் தாண்ட வேண்டாம். என்னுடையவை 42 மில்லிமீட்டர் திருகு, 1959 முதல் வரும் நிக்கான் எஃப், ஒலிம்பஸ் ஓஎம். ஓர் உடல் படுத்துவிட்டால் லென்ஸ்கள் அநாதையாவதில்லை.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை

கேமரா பத்தைத் தாண்டியதும் நினைவு துணை வராது. ஒவ்வொன்றின் வார்வளையத்திலும் நூலில் ஒரு சிறு அட்டை கட்டுங்கள். வரிசை எண், பேட்டரி வகை, கடைசி ஃபிலிம் போட்ட மாதம், குறை ஆகிய நான்கும் அதில் இருக்கவேண்டும். விரிவான கணக்கு நோட்டில் இருக்கட்டும்.

ஷட்டர் வேகத்தை அளக்கக் கைத்தொலைபேசியில் செருகும் சிறிய ஒளி உணரி கிடைக்கிறது. மெதுவான வேகங்களுக்கு ஒலிப்பதிவே போதும்: திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் இடையே உள்ள நேரத்தை அலைவடிவத்தில் பார்த்துவிடலாம். பழைய கேமராவின் 1/1000 பெரும்பாலும் 1/1000 ஆக இருக்காது. 1/600 வந்தால் பதற வேண்டியதில்லை, அட்டையில் 1/600 என்று எழுதிவையுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் அந்த அளவு கூடுதல் ஒளியைச் சிணுங்காமல் பொறுத்துக்கொள்ளும். அதே வேகத்தைப் பத்துமுறை அளந்து பாருங்கள். பத்தும் 1/600ஐச் சுற்றியே வந்தால் அது நல்ல கேமரா. ஒருமுறை 1/900, மறுமுறை 1/400 என்று அலைந்தால் அதை நம்பி ஃபிலிம் போடாதீர்கள். தொழிற்சாலையில் நாங்கள் கருவிகளைத் தள்ளுபடி செய்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான்: பிசகுக்காக அல்ல, பிசகு நிலையில்லாமல் போனதற்காக.

பேட்டரி விஷயமும் இதே கணக்கில் வருகிறது. 1960, 70களின் கேமராக்கள் பல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு என்று வடிவமைத்தவை. ஒலிம்பஸ் ஓஎம்-1 அப்படிப்பட்டது. பாதரச பேட்டரி இப்போது சந்தையில் இல்லை. அதே அளவில் 1.5 வோல்ட் ஆல்கலைன் கிடைக்கிறது. போட்டால் ஒளியளக்கும் மீட்டர் அசையும், ஒளிக்கணக்கு தவறும்; ஆல்கலைனின் வோல்ட் தேயத்தேயத் தவறும் மாறிக்கொண்டே போகும். காதுகேட்கும் கருவிக்கான 675 வகை துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட்டில் கடைசிவரை நிற்கும். சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் அந்த அறையில் பொருந்தும். ஒட்டுத்தாளை உரித்தபின் அதன் ஆயுள் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டொரு மாதம். மருந்துக்கடையில் கிடைக்கும். பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் சுற்று வோல்ட் வேறுபாட்டைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். அதற்கு இந்த வேலை தேவையில்லை. உலர் பெட்டிக்குள் வைக்கும் எந்தக் கேமராவிலும் பேட்டரி இருக்கக்கூடாது.

மாதச் சுற்று

மாதம் உலர் பெட்டியின் ஒரு தட்டு. அந்தத் தட்டில் இருக்கும் கேமராக்களை மேசைக்குக் கொண்டுவந்து, எல்லா வேகங்களிலும் சிலமுறை சொடுக்கி, குவிய வளையத்தையும் அபெர்ச்சரையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்புங்கள். மசகு ஓர் இடத்தில் தேங்காது. ஷட்டரை ஏற்றிய நிலையில் திரும்ப வைக்காதீர்கள். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யலாம். என் வீட்டில் அவருக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது.

மேசையில் தேறியவற்றுள் சிலவற்றுக்கு ஃபிலிம். ஆண்டுக்கு ஒரு சுருளாவது ஓடாத கேமராவை நான் வைத்துக்கொள்வதில்லை. ஃபிலிம் விற்கும் விலைக்கு இது நடக்குமா என்று கேட்பீர்கள். முப்பத்தாறு படம் எடுக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளை ஃபிலிம் 100 அடிச் சுருளாகக் கிடைக்கிறது. சுருட்டும் டப்பா ஒன்று வாங்கி, பன்னிரண்டு படத்துக்கு மட்டும் அளந்து குப்பியில் ஏற்றினால் ஒரு பெரிய சுருளில் நாற்பது சோதனைச் சுருள்கள்வரை தேறும்.

அந்தப் பன்னிரண்டையும் எப்போதும் ஒரே முறையில் எடுங்கள். நான் பாடாங் கோத்தா கடற்கரையில் நின்று, எதிர்க்கரையின் பட்டர்வொர்த் துறைமுகக் கிரேன்களை லென்ஸை முழுவதும் திறந்துவைத்து முதலில் எடுப்பேன். தொலைக் குவியம் சரியா என்று அது சொல்லிவிடும். அடுத்து ஐந்தடிப் பாதைச் (கடைவீடுகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதை) சுவரில் ஒட்டிய நாளிதழ் ஒன்று, ஒரு மீட்டரில், சாய்வாக: எந்த வரி கூர்மையாக விழுகிறது என்று பார்த்தால் ரேஞ்ச்ஃபைண்டரின் பிசகு தெரியும். ஒரே காட்சியை ஒரே ஒளியளவில் நான்கு வேகம், நான்கு அபெர்ச்சர் சேர்க்கையில் எடுத்தால் நெகட்டிவ்கள் ஒரே அடர்த்தியில் வரவேண்டும். ஓர் இடத்தில் கேமராவை வெயிலில் இரண்டு நிமிடம் பிடித்துவிட்டு மறுபடம். ஒளி கசிந்தால் அங்கே கோடு விழும்.

மீட்டர் இல்லாத கேமராவுக்கு வெயில் விதி போதும்: பளிச்சென்ற வெயிலில் அபெர்ச்சர் எஃப்16, ஷட்டர் ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில். 400 ஃபிலிமுக்கு 1/500. நம் ஊர் வானம் பல நாள் வெள்ளையாகப் பூசியிருக்கும், அன்று எஃப்11. வெயிலிலிருந்து ஐந்தடிப் பாதைக்குள் காலெடுத்து வைத்தால் மூன்று நான்கு ஸ்டாப் குறையும், ஒரு ஸ்டாப் என்றால் ஒளியில் பாதி. கண் இதை மறைத்துவிடும், நம்பாதீர்கள்.

தைப்பூசத்துக்கு எதை எடுத்துப் போவது

இது தனிக் கேள்வி, ஏனென்றால் அன்று ஒரு கேமரா போதாது. விழாவுக்கு முந்தைய நாள் விடியலில் லெபோ பினாங்கு தெருவிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். 2017 முதல் லெபோ குவீன் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. அந்த நேரத்து ஒளிக்கு கேனன் கேனனெட் ஜி-III க்யூஎல்17 எடுத்துப் போவேன். எஃப்1.7 லென்ஸ், துள்ளும் கண்ணாடி இல்லை, ஆகவே 1/30இலும் கை நடுங்காமல் பிடிக்கலாம். 400 ஃபிலிம் போதும்.

ரதம் நெருங்கும்போது முன்னால் தேங்காய் மலை மலையாக உடையும். சில்லும் தண்ணீரும் தெறிக்கும், ஆகவே லென்ஸில் ஒரு ஃபில்டர் கட்டாயம். இளநீர் காய்ந்தால் பிசுக்கு ஏறிக் குவிய வளையம் இறுகும். அங்கேயே ஈரத்துணியால் துடையுங்கள், வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமரா கைகொடுக்கும். தலைகீழாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து கண்ணாடித் திரையைப் பார்த்தபடி எடுங்கள். முன்னால் நிற்கும் உயரமான அண்ணன்மார் எவரையும் நகரச் சொல்ல வேண்டியதில்லை.

நண்பகலில் மலைப்படி ஏறுவதானால் கனமானதை வைத்துவிட்டு ட்ரிப் 35ஐ மட்டும் எடுங்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். துணி ஷட்டர் கொண்ட ரேஞ்ச்ஃபைண்டரைக் கழுத்தில் தொங்கவிட்டு நடந்தால் லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள். சூரியன் லென்ஸ் வழியே குவிந்து ஷட்டர் துணியில் ஊசி ஓட்டை போட்டுவிடும். அலகு குத்தும் இடத்தில் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டாதீர்கள். உடன் நிற்கும் குடும்பத்தாரை ஒருமுறை பார்த்தாலே வேண்டுமா வேண்டாமா என்பது புரிந்துவிடும்.

ஃபிலிமை வீட்டில் கழுவுவது

கறுப்பு வெள்ளைக்கான கால அட்டவணைகள் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதியவை. நம் குழாய்த் தண்ணீர் 28க்குக் குறையாது. இருபதுக்கு இழுக்கப் பனிக்கட்டியோடு போராடாமல் 24இல் நிற்கவிடுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தொட்டியில் போட்டால் போதும். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பரைத் தண்ணீர் கலந்து பயன்படுத்தினால் நேரம் மிகவும் சுருங்காது: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரும் தண்ணீரும் ஒன்றுக்கு ஒன்று கலவையில் 20 டிகிரிக்கு 13 நிமிடம், 24க்கு ஒன்பதுக்கு அருகில். ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக டெவலப்பரில் வைத்தால் அடர்த்தி திட்டுத் திட்டாக விழும் ஆபத்து உண்டு. படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரும் கடைசியில் அலசும் நீரும் அதே வெப்பத்தில் இருக்கட்டும். வண்ண ஃபிலிமின் சி-41 முறைக்கு 38 டிகிரி வேண்டும், அங்கே நம் ஊர்க்காரர்களுக்கே வசதி.

ஈரக் காற்றில் ஃபிலிம் காய ஓர் இரவு எடுக்கும். குளியலறையில் தொங்கவிடுங்கள், விசிறி வேண்டாம், தூசி ஒட்டும். நெகட்டிவ்களைப் பிவிசி உறையில் போட்டால் நம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு அவற்றையும் உலர் பெட்டியிலேயே வையுங்கள். எடுக்காத ஃபிலிம் குளிர்பதனப் பெட்டியில், மூடிய பையில். வெளியே எடுத்தால் இரண்டு மணி நேரம் கழித்தே பிரிக்கவேண்டும்.

பழுதும் விற்பனையும்

கதவோரப் பஞ்சை ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலால் சுரண்டி எடுத்துப் புதிது ஒட்டுவது, வெளியே துடைப்பது, இவை உங்கள் வேலை. எண்ணெய்த் தெளிப்பானை ஷட்டருக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். எண்ணெய் ஊர்ந்து இதழ்களுக்குப் போய்விடும். மற்றதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் வயதானவர்கள், அவசரப்படுத்தக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கேமரா, அதனோடு அட்டையும் நீங்கள் அளந்த வேகங்களும். 'சரியில்லை' என்று மட்டும் சொல்லிக் கொடுப்பவரைவிட '1/4இல் ஒட்டுகிறது' என்று எழுதிக் கொடுப்பவரின் கேமரா முதலில் மேசைக்குப் போகும்.

இரண்டு ஆண்டுச் சுற்றிலும் தேறாதது வீட்டை விட்டுப் போகவேண்டும். உதிரிபாகத்துக்கு ஆகுமென்றால் பழுதுபார்ப்பவருக்கே கொடுத்துவிடுகிறேன். ஓடினாலும் எனக்குக் கை போகாதவற்றை அட்டையோடு விற்கிறேன், குறையை மறைக்காமல். விலை ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) குறையும். வாங்கிய பையன் திரும்பிவந்து பணம் கேட்பதில்லை, இன்னொரு கேமரா இருக்கிறதா என்று கேட்கிறான்.